பழுதைத் தாங்கும் கூட்டமைப்பு

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி ஆகிய மாவட்டங்கள் தமிழ்நாட்டை எல்லையாகக் கொண்டவை. வாளையாறு, நெல்லியாம்பதி ஆகிய இடங்கள் முன்னதைச் சேர்ந்தவை. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு ஆகிய தேயிலைப் பிரதேசங்கள் பின்னதைச் சேர்ந்தவை. இம்மலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. தென்மேற்குப் பருவமழை இச்சரிவுகளில் கடுமையாகப் பெய்கின்றது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத மழையில் நெல்லியாம்பதிக்குச் செல்லும் மலைச்சாலை பல இடங்களிற் சரிந்து, மேலே வாழ்ந்த மக்கள் வெளித்தொடர்பின்றித் தனித்து நிற்க நேர்ந்தது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றுக்கு அப்பாலுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. எழுபது பேர் உயிரிழந்தனர். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றிருந்தமையால், இரவு நிகழ்ந்த துயரம் மறுநாட் காலையிலேயே வெளியுலகுக்குத் தெரிய வந்தது.

மலையில் கருவிகளை நாட்டி ஆபத்தை முன்கூட்டியே அறிய இயலும். ஆனால் எந்த மழை ஆபத்தைக் கொணர்கின்றதோ, அதே மழைதான் கருவிகளையும் பழுதாக்குகின்றது. மேகம் மூடுவதால் சூரிய மின்கலங்கள் வலுவிழக்கின்றன, இடி இறங்குகின்றது, மரம் விழுந்து கம்பம் சாய்கின்றது. கருவி மிகவும் தேவைப்படும் வேளையே அது கெடுவதற்கும் ஏற்ற வேளையாகிறது. ஆகவே, ஒருபோதும் கெடாத கருவியைச் செய்வது எவ்வாறு என்பதைக் காட்டிலும், சில கெட்டாலும் எஞ்சியவை கடமையைத் தவறாது செய்வது எவ்வாறு என்பதே முதன்மையான கேள்வியாகும். இக்கேள்வியை ஆராயும் விஞ்ஞானப் பகுதியின் அடிப்படைகளையும், அவற்றிற்கு மூணாற்றில் அமைந்த நல்லதோர் உதாரணத்தையும் இங்குக் காண்போம்.

அண்டையை மட்டும் அறிந்த குழு

பல சிறு கருவிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொண்டு ஒரு பொதுக் காரியத்தைச் செய்யுமாயின், அத்தொகுதியைப் பல்முனைக் கூட்டமைப்பு எனலாம். முனை ஒவ்வொன்றும் தன் அண்டையிலுள்ள சில முனைகளை மட்டுமே அறியும். முழுக்குழுவின் நிலையை எந்த முனையும் அறியாது. எனினும் குழு முழுதும் ஒரே முடிவுக்கு வருகின்றது, அல்லது ஓர் ஒழுங்கான அணியாக நிற்கின்றது.

இயற்கையில் இதற்கு உதாரணங்கள் உள. மைனாவின் இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகள் ஆயிரக்கணக்கில் திரண்டு ஒரே உடல்போல் வானிற் சுழல்வதுண்டு. இத்தாலி நாட்டின் ரோம் நகரில் இப்பறவைக் கூட்டங்களைப் படமெடுத்து ஆராய்ந்த விஞ்ஞானிகள், ஒவ்வொரு பறவையும் தனக்கு அருகிலுள்ள ஆறு அல்லது ஏழு பறவைகளை மட்டுமே கவனித்துப் பறக்கின்றது என்று 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இக்கூட்டத்திற்குத் தலைவன் இல்லை. வல்லூறு பாய்ந்து ஒரு பறவையைக் கவர்ந்து சென்றாலும் கூட்டம் சிதறிப்போவதில்லை. விழுந்த பறவையின் இடத்தை அதன் அண்டைகள் தாமே நிரப்பிவிடுகின்றன.

தலைவன் உள்ள அமைப்பில் ஆணை விரைவாகப் பரவும். ஆனால் தலைவன் வீழ்ந்தால் எல்லாம் வீழும். அண்டை உறவால் இயங்கும் அமைப்பில் முடிவு சற்றுத் தாமதமாக உருவாகும். ஆயினும் எந்த ஒரு முனையின் வீழ்ச்சியும் முழு அமைப்பின் வீழ்ச்சியாகாது. செயலில் உள்ள அமைப்புகள் பெரும்பாலும் இவ்விரண்டையும் கலந்தே ஆக்கப்படுகின்றன.

அந்தோணியார் காலனி

மூணாறு நகரின் அருகே சரிவான ஓரிடத்தில் அந்தோணியார் காலனி அமைந்துள்ளது. 2005ஆம் ஆண்டில் இங்கு மண் சரிந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. இவ்விடத்தையே அமிர்த விசுவ வித்யாபீடம் எனும் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானிகள் தங்கள் ஆராய்ச்சிக்குத் தேர்ந்தனர். ஐரோப்பிய ஆணையம் பொருளுதவி அளித்த ‘வின்சாக்’ என்ற கூட்டுத் திட்டத்தின் பகுதியாக, 2008, 2009ஆம் ஆண்டுகளில் இச்சரிவில் கம்பியில்லாத் தொடர்புடைய உணர்கருவி வலை நிறுவப்பட்டது. ஏறத்தாழ 20 தொடர்பு முனைகள் இதில் இடம் பெற்றன. மையக் கட்டளையை எதிர்பாராது, அண்டை முனைகள் தமக்குள் கலந்து தாமே ஒருமுடிவு காணும் முறைகளை ஆராய்வது அத்திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்றாகும்.

சரிவு நிகழும் விதத்தை அறிந்தால் கருவிகளின் பயன் விளங்கும். மழைநீர் மண்ணுள் இறங்கும்போது மண்துகள்களுக்கிடையேயுள்ள நுண்துளைகள் நிரம்புகின்றன. துளைகளில் நீரின் அழுத்தம் ஏற ஏறத் துகள்கள் ஒன்றையொன்று பற்றிநிற்கும் வலிமை குறைகின்றது. ஓர் எல்லைக்குப் பின் மண் தன் எடையைத் தானே தாங்கமாட்டாது நழுவத் தொடங்குகின்றது. இதற்கேற்ப, மண்ணில் ஆழத் துளையிட்டு இறக்கிய குழாய்களில் வெவ்வேறு ஆழங்களில் கருவிகள் பொருத்தப்பட்டன. மண்ணின் ஈரத்தை அளப்பவை சில. துளைநீரின் அழுத்தத்தை அளப்பவை சில. குழாயின் சாய்வையும் வளைவையும் அளப்பவை சில. நில அதிர்வை உணர்பவை வேறு சில. இவற்றோடு மழைமானியும் சேர்ந்தது.

ஒவ்வொரு முனையும் தன் அளவீடுகளை அண்டை முனைகளின் வழியே தலைமுனைக்கு அனுப்பும். தலைமுனைகளிலிருந்து வாயில்முனைக்கும், அங்கிருந்து அருகிலுள்ள கள நிலையத்திற்கும், பின்னர்ச் செயற்கைக்கோள் வழியாகக் கொல்லம் மாவட்டத்து அமிர்தபுரியிலுள்ள ஆராய்ச்சி நிலையத்திற்கும் செய்தி செல்லும். செயற்கைக்கோள் தொடர்பு கிட்டாதபோது வேறு வழியாக அனுப்பவும் ஏற்பாடு உண்டு. எச்சரிக்கை மூன்று படிகளாக வகுக்கப்பட்டது: முதற்படி, இடைப்படி, ஆபத்து நெருங்கிவிட்ட கடைப்படி. 2009ஆம் ஆண்டு ஜூலை மாதப் பெருமழையின்போது இவ்வமைப்பின் அளவீடுகளைக் கொண்டு அப்பகுதி மக்களுக்கு உண்மையாகவே எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

மௌனமாகும் முனை

பழுதுகள் ஒரே தன்மையுடையன அல்ல. அவற்றுள் எளியது மௌனம். மின்கலம் தீர்ந்தோ நீர் புகுந்தோ முனை பேசாது நின்றுவிடுகிறது. குறித்த நேரத்தில் செய்தி வரவில்லையெனின் அண்டை முனைகள் அதனைச் செத்ததாகக் கருதி வேறு வழியை நாடும். வேறு வழி இருத்தல் வேண்டும் என்பதே இங்குத் தேவை.

பள்ளியிலும் செய்து பார்க்கத்தக்க ஒரு கணக்கைக் காண்போம். மழைக்காலத்தில் ஒரு முனை பழுதின்றி இயங்கும் வாய்ப்பு 10இல் 9 எனக் கொள்வோம். செய்தி ஐந்து முனைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து சென்றால்தான் நிலையத்தை அடையும் எனில், ஐந்தும் இயங்கும் வாய்ப்பு 0.9ஐ ஐந்து முறை பெருக்கக் கிடைக்கும் 0.59 ஆகும். அஃதாவது, தனித்தனியே நல்லனவாகிய முனைகளாலான சங்கிலி பத்தில் நான்கு முறை அறுந்துபோகும். இதே போன்ற வேறொரு தனிவழி இருப்பின், இரண்டில் ஒன்றேனும் இயங்கும் வாய்ப்பு 0.83 ஆக உயர்கின்றது. மூன்று வழிகள் இருப்பின் அது 0.93 ஆகும். முனைகளின் தரம் சிறிதும் உயரவில்லை. வழிகளின் எண்ணிக்கையே உயர்ந்தது.

இக்கணக்கில் ஒரு நிபந்தனை மறைந்துள்ளது. ஒரு வழியின் பழுது மற்றொரு வழியின் பழுதுக்குக் காரணமாதல் கூடாது. இரு வழிகளும் ஒரே கம்பத்தில் நின்றாலும், ஒரே மின்சாரத்தால் இயங்கினாலும், எண்ணிக்கையில் இரண்டாயினும் பயனில் ஒன்றேயாம். பெட்டிமுடியில் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே அற்றிருந்தன என்பதை இங்கு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மாற்றுவழி அமைப்போர் முதலில் கேட்க வேண்டிய வினா, “எத்தனை வழிகள் உள?” என்பதன்று, “அனைத்தையும் ஒருசேர அறுக்கவல்ல காரணம் யாது?” என்பதாகும்.

பொய் கூறும் முனை

மௌனத்தினும் கொடியது பொய். கருவி நின்றுவிடாமல் தவறான அளவைக் கூறிக்கொண்டேயிருக்கும். அண்டை முனைகளோ அதனை உண்மையென நம்பும். விளக்கத்தின் பொருட்டு, ஐந்து முனைகள் மண்ணின் ஈரச் செறிவை நூற்றுக்கு 60, 61, 62, 63, 64 என அளப்பதாகக் கொள்வோம். சராசரி 62. இவற்றுள் 61 கூற வேண்டிய முனை பழுதுற்று 5 என்று கூறுமாயின், சராசரி 50.8 ஆகத் தாழும். ஒரேயொரு முனையின் பொய்யால் நனைந்த மலை உலர்ந்த மலைபோல் தோற்றமளிக்கும்.

இதற்கு எளிய பரிகாரம் ஒன்று உண்டு. கேட்ட எண்களுள் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் தள்ளிவிட்டு, எஞ்சியவற்றின் சராசரியைக் கொள்வது. மேற்கூறிய கணக்கில் 64ஐயும் 5ஐயும் நீக்கினால் 60, 62, 63 எஞ்சும்; சராசரி 61.7 ஆகும். ஒரு பொய்முனை எத்துணைப் பெரிய பொய்யைக் கூறினும் அதனால் குழுவை வெகுதூரம் இழுத்துச் செல்ல இயலாது. ஆனால் ஒரு முனைக்கு இரண்டே அண்டைகள் இருப்பின், இரண்டையும் தள்ளியபின் கேட்பதற்கு எதுவும் எஞ்சாது. ஆகவே பொய்யைத் தாங்குவதற்கு மௌனத்தைத் தாங்குவதைவிட மிகுதியான அண்டை உறவுகள் தேவை.

இவ்வுண்மையைக் கணித விதியாக 1982ஆம் ஆண்டில் லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் எனும் மூவர் ஒரு கட்டுரையில் விளக்கினர். நகரை முற்றுகையிட்ட படைத்தலைவர்களுள் சிலர் துரோகிகள். அவர்கள் ஒருவருக்கு ஒன்றும் மற்றவருக்கு வேறொன்றுமாகச் செய்தி அனுப்புவர். இந்நிலையிலும் நேர்மையானோர் ஒரே முடிவுக்கு வருதல் வேண்டும். செய்திகளுக்குக் கையொப்பம் போன்ற சான்று இல்லாதபோது, ஒரு துரோகியைத் தாங்க மொத்தம் நால்வரும், இரு துரோகிகளைத் தாங்க எழுவரும் குறைந்தது இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் காட்டிய முடிவு. மூவர் குழுவில் ஒருவன் பொய்யனாயின், எஞ்சிய இருவராலும் பொய்யன் யாரெனத் துணிய இயலாது.

மலைச்சரிவைப் பொறுத்தவரை இதில் ஒரு நுட்பமான ஆபத்து உண்டு. மலை முழுவதும் ஒரே கணத்தில் நழுவத் தொடங்குவதில்லை. முதலில் ஓரிடமே அசைகின்றது. அவ்விடத்து முனை மட்டும் ஏனையவற்றினின்று வேறுபட்ட எண்ணைக் கூறும். விலகிய எண்ணைப் பொய்யென்று தள்ளும் விதி, அப்போது உண்மையைக் கூறிய ஒரே சாட்சியையும் தள்ளிவிடக்கூடும். கெட்ட கருவியும் முதலில் அசைந்த நிலமும் தூரத்திலிருந்து பார்ப்போருக்கு ஒரே மாதிரியாகத் தோன்றும்.

இதனைத் தீர்ப்பதற்கே வெவ்வேறு வகைக் கருவிகள் ஓரிடத்தில் வைக்கப்படுகின்றன. ஈரமானியின் உட்புறத்தில் நீர் புகுந்தால் அதன் எண் மட்டும் மாறும். துளைநீர் அழுத்தமானியும் சாய்வுமானியும் பழைய நிலையிலேயே இருக்கும். நிலம் மெய்யாகவே அசைந்தால் அழுத்தமும் சாய்வும் அதிர்வும் ஒன்றையொன்று ஒத்து மாறும். மழைமானியும் அதற்கு முன்னரே மழையைப் பதிவு செய்திருக்கும். ஒரே வகைச் சாட்சிகள் பலர் கூடுவதைக் காட்டிலும், வெவ்வேறு வகையான சாட்சிகள் சிலர் ஒத்துரைப்பது வலிமையுடையது.

அணி குலையாமை

இதுகாறும் கூறியவை ஓரிடத்தில் நிலைத்த முனைகளைப் பற்றியவை. முனைகள் நகரும் தன்மையுடையனவாயின், அவை தம்முள் குறித்த தொலைவைக் காத்து ஓர் அணியாக நிற்றல் வேண்டும். ஆளில்லாச் சிறு விமானங்களாகிய டிரோன்களைக் குழுவாகப் பறக்கவிடும்போது எழும் பிரச்சினை இதுவே.

அணியின் உறுதிக்கும் இணைப்புகளின் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பை ஆசிரியர்கள் மூங்கிற் குச்சிகளைக் கொண்டு வகுப்பில் காட்டலாம். நான்கு குச்சிகளை மூலைகளில் ஆணியால் தளர்வாகப் பிணைத்துச் சதுரம் செய்தால், அது தள்ளியவுடன் சாய்சதுரமாகச் சரிந்துவிடும். ஐந்தாவது குச்சியை மூலைவிட்டமாகச் சேர்த்தால் வடிவம் அசையாது. ஆறாவது குச்சியை மற்றொரு மூலைவிட்டமாகச் சேர்த்தபின், ஆறில் எந்த ஒன்றை உருவினாலும் வடிவம் நிலைத்து நிற்கும். முனைகளைக் குச்சியின் நுனிகளாகவும், குச்சிகளை முனைகள் அளந்து காக்கும் தொலைவுகளாகவும் கொண்டால், இதுவே அணிவகுப்பின் இலக்கணம் ஆகும். சமதளத்தில் முனைகளின் எண்ணிக்கையை இரட்டித்து மூன்றைக் கழித்தால், வடிவம் நிலைக்கத் தேவையான இணைப்புகளின் குறைந்த அளவு கிடைக்கும். அவை எவ்வாறு பகிர்ந்தமைதல் வேண்டும் என்பதை லாமன் என்பார் 1970ஆம் ஆண்டில் நிறுவினார். அக்குறைந்த அளவு உறுதியைத் தரும்; பழுதைத் தாங்கும் ஆற்றலையோ அதற்கு மேற்பட்ட இணைப்புகளே தரும்.

முனையே அழிந்தால் அணி எவ்வாறு தன்னைச் சீர்செய்துகொள்ளும் என்பதற்கு, பாலக்காட்டு எல்லையருகே உள்ள ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். வாளையாற்றுக்கு அப்பால், கோயம்புத்தூர் மாவட்டத்து மதுக்கரையில் ரயில்பாதையைக் கடக்கும் யானைகளைக் காக்கும் பொருட்டுத் தமிழ்நாடு வனத்துறை 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கியது. சற்றேறக்குறைய 500 மீட்டருக்கு ஒன்றாக 12 கோபுரங்களில் காமிராக்கள் பொருத்தப்பட்டன. கோபுரம் நகராது, இடையில் ஒன்று நின்றுபோனால் அவ்விடத்தில் இடைவெளி 1,000 மீட்டராகும்.

அதே தொலைவில் 12 டிரோன்கள் நிற்பதாக இப்பொழுது கற்பனை செய்வோம். இரு கோடிகளில் உள்ளவை அசையாமல் நிற்க, இடையிலுள்ளவற்றிற்கு ஒரே விதி: “உன் இருபுறத்து அண்டைகளுக்கும் நடுவில் நில்.” ஒன்று வீழ்ந்தவுடன் அதன் இருபுறத்து டிரோன்களும் புதிய அண்டையை அறிந்து சிறிது நகரும், அவற்றின் நகர்ச்சியால் அடுத்தவை நகரும். சிறிது நேரத்தில் 11 டிரோன்களும் 550 மீட்டர் இடைவெளியில் மீண்டும் சீராக நிற்கும். ஓரிடத்தில் 500 மீட்டராக நேர்ந்த இழப்பு, ஒவ்வோர் இடைவெளிக்கும் 50 மீட்டராகப் பகிரப்பட்டுவிட்டது. எவரும் ஆணையிடவில்லை, எந்த டிரோனும் முழு வரிசையையும் அறியவில்லை. விளையாட்டு மைதானத்தில் மாணவரை வரிசையில் நிறுத்தி, இதே விதியைக் கூறி, ஒருவரை விலகச் செய்தால், வரிசை தன்னைத்தானே திருத்திக்கொள்வதைக் கண்ணாரக் காணலாம்.

தாங்கிய பழுதும் பழுதே

பழுதைத் தாங்கும் அமைப்பு தன் பழுதை மறைத்துவிடும் இயல்புடையது என்பதைக் களப்பணியாளர் தனியே கருத்திற் கொள்ளுதல் வேண்டும். மூன்று வழிகளுள் ஒன்று அறுந்தாலும் செய்தி நிலையத்தை வந்தடைகின்றது. ஆதலால் குறை ஒன்றும் இல்லையென்று தோன்றும். இரண்டாவது அறுந்தாலும் அவ்வாறே. வெளிப்பார்வைக்கு ஒரே நிலையாகத் தோன்றும் அமைப்பின் உள்ளே வாய்ப்பு 0.93இலிருந்து 0.83க்கும், பின்னர் 0.59க்கும் இறங்கிவிடுகின்றது. டிரோன் வரிசையிலும் இதுவே நிலை. காமிராவின் பார்வை 550 மீட்டர் இடைவெளி வரைதான் போதுமெனில், முதல் இழப்பை ஈடுசெய்த வரிசை பார்ப்பதற்குச் சீராக நிற்பினும், அடுத்த இழப்பைத் தாங்கும் ஆற்றல் அதனிடம் இல்லை.

ஆகவே செய்தி வருகின்றதா என்று மட்டும் பார்ப்பது போதாது. எத்தனை முனைகள் பேசுகின்றன, ஒவ்வொரு முனைக்கும் எத்தனை அண்டைகள் எஞ்சியுள்ளன, எந்தக் கருவி தன் இனத்தாரோடு முரண்படுகின்றது ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். முரண்பட்ட கருவியை உடனே பழுதென்று ஒதுக்காது, அவ்விடத்தை நேரிற் சென்று பார்ப்பதே முறை. நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது வேலிக்கம்பம், திடீரெனக் கலங்கிய ஊற்று, அடைபட்ட ஓடை ஆகியவை காணப்படின் கருவி கூறியது பொய்யன்று என்று கொள்ளுதல் வேண்டும். இத்தகைய மாறுதல்களைக் கருவிகளுக்கு முன்னரே அச்சரிவில் வாழும் தோட்டத் தொழிலாளர் காண்பதுண்டு. அவர்களும் அவ்வலையின் முனைகளே. மின்கலம் தேவைப்படாத முனைகள். அவர்கள் கூறுவதைக் கேட்டுப் பதிவு செய்யும் வழி இருப்பின், கருவிகளைச் சாராத தனிவழி ஒன்று கூடுதலாகக் கிடைத்ததாகும்.

பருவமழை ஜூன் மாதத் தொடக்கத்தில் கேரளத்தை அடைவது வழக்கம். அதற்கு முந்தைய கோடை மாதங்களில் மௌனமான முனைகளை மாற்றி, பொய் கூறுபவற்றைச் சரிபார்த்து, அறுந்த இணைப்புகளைப் புதுப்பித்துவிட்டால், மழை தொடங்கும் நாளில் அமைப்பு தன் முழுச் சேமிப்போடும் நிற்கும். பழுதைத் தாங்கும் ஆற்றல் அமைப்பைச் சில நாள் காப்பாற்றும். அந்நாட்களுக்குள் பழுதை நீக்குவது மனிதர் கடமை.